போகோவின் சதுப்புநிலமும் நம் மலைநாடும்: ஒரு பழைய பத்திரிகைச் சித்திரத்தொடரைப் பற்றிய உரையாடல்

பதுளை வாசகர்:

அமெரிக்கப் பத்திரிகைகளில் கால் நூற்றாண்டு காலம் நாள்தோறும் வெளிவந்த ‘போகோ’ என்ற சித்திரத்தொடரைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வால்ட் கெலி வரைந்த அந்தத் தொடர் இலங்கையின் மலைநாட்டில் பரவலாக அறியப்பட்டதன்று. ஆயினும் துரை பங்களாக்களிலிருந்து கழித்துவிடப்பட்ட ஆங்கிலப் புத்தகங்களோடு அதன் தொகுப்புகளும் சில வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் தந்தையார் அப்படிக் கிடைத்த ஒரு தொகுப்பை எங்களுக்குத் தந்தார். அட்டை கிழிந்து, கறையான் அரித்த விளிம்புகளோடு இருந்த அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நான் ஆங்கிலத்தில் சிரிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோர்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள ஒகிஃபெனோக்கி என்ற பெரிய சதுப்புநிலமே கதைக்களம். போகோ என்பது ஒபொசம் எனப்படும் சிறு விலங்கு. அமைதியும் பொறுமையும் உள்ளது, யாருக்கும் தீங்கு நினையாதது. சுருட்டுப் புகைக்கும் ஆல்பர்ட் என்ற முதலை, தன்னைப் பேரறிஞனாகக் கருதிக்கொள்ளும் ஹௌலண்ட் ஆந்தை, சர்ச்சி லஃபெம் என்ற ஆமை, முகத்தில் ஒருபோதும் சிரிப்பைக் காட்டாத முள்ளம்பன்றி ஆகியோர் போகோவின் அயலவர். இந்தப் பாத்திரங்கள் 1940களின் தொடக்கத்திலேயே சிறுவர் சித்திர இதழ்களில் தோன்றிவிட்டன. 1948 ஒக்டோபரில் ‘நியூயோர்க் ஸ்டார்’ என்ற நாளிதழில் தொடர் ஆரம்பமானது. சில மாதங்களில் அந்தப் பத்திரிகை நின்றுபோக, 1949 மே மாதம் முதல் நாட்டின் பல பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கியது.

என்னை இன்றுவரை இத்தொடரோடு கட்டிப்போட்டிருப்பது ஒரே விடயம். கெலி அரசியல்வாதிகளை வரைவதற்கு முன்னர் ஓர் ஊரை வரைந்தார். அந்த ஊரில் யார் யாரிடம் கடன் வாங்குவார், யார் வீட்டில் எந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்கும், யார் கோபம் எவ்வளவு நேரத்தில் தணியும் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்த பின்னரே அதிகாரம் படைத்தவர்கள் அங்கே நுழைகிறார்கள். அதனால்தான் அவர்கள் செய்யும் கேடு நமக்கு உறைக்கிறது. இதைப் பற்றி உங்கள் எண்ணங்களை அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஹட்டன் தமிழினி:

வணக்கம் சேர். நான் இந்தத் தொடரைப் பிற்காலத்தில் தொகுப்புகளாகப் படித்தவள். எனக்கு முதலில் பிடித்தது அரசியல் அன்று, சர்ச்சி ஆமைதான். பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தால் கேடு என்பது மேல்நாட்டு நம்பிக்கை. சர்ச்சிக்கோ அது எந்தக் கிழமையில் வந்தாலும் நடுக்கம் குறைவதில்லை. இந்த மாதம் ‘பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை’ புதன்கிழமையில் வருகிறதே என்று அலறும். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் வாசற்படி தாண்டாத ஒரு வீட்டில் வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அச்சத்தைக் கெலி ஏளனம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆமையின் பயத்தை மற்ற அயலவர் ஒரு காலநிலைச் செய்தியைப் போல ஏற்றுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

நத்தார் காலத்தில் அவர்கள் ஒரு பழைய நத்தார்ப் பாடலைச் சொற்களெல்லாம் சிதைந்த வடிவில் உரத்த குரலில் பாடுவதும், சரியான சொற்கள் எவை என்று தங்களுக்குள் சண்டையிடுவதும் ஆண்டுதோறும் வரும். பாடசாலைக் கரோல் பயிற்சிக்கு வரும் சிறு பிள்ளைகள் பொருள் தெரியாத சொற்களை முழு நம்பிக்கையோடு பாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சதுப்புநிலம் நினைவுக்கு வருகிறது.

நுவரெலியா ஓவியன்:

நான் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன் என்பதால் எழுத்துகளைப் பற்றியே முதலில் சொல்ல விரும்புகிறேன். கெலியின் பாத்திரங்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் பேசுகின்றன. டீக்கன் மஷ்ராட் என்ற போதகர் எலி, பழைய தேவாலயச் சுவடிகளில் காணும் கறுத்துத் தடித்த கோதிக் எழுத்தில் பேசுகிறது. பி. டி. பிரிட்ஜ்போர்ட் என்ற கரடி சர்க்கஸ் முதலாளி. அதன் பேச்சுக் குமிழி முழுவதும் சர்க்கஸ் விளம்பரத் தாளைப் போலப் பூவேலையும் நிழலும் இட்ட எழுத்துகளால் நிரம்பியிருக்கும். பிணந்தின்னிக் கழுகு பேசும்போது கறுப்புக் கரையிட்ட சதுரத்தில், துக்க அட்டையில் காணும் சாய்வெழுத்தில் சொற்கள் வருகின்றன. நம் ஊர்ச் சந்தியில் ஒட்டப்படும் மரண அறிவித்தலை வாசிப்பதைப் போல, அந்தக் கழுகு வாய் திறந்தாலே வாசகருக்கு ஒரு குளிர் ஏறும்.

இது அலங்காரத்துக்காகச் செய்ததன்று. போதகர் எலி பேசும் எந்த வாக்கியத்திலும் அன்பு இல்லை என்பதை, அது என்ன சொல்கிறது என்று வாசிப்பதற்கு முன்னரே கண் அறிந்துவிடுகிறது. அரசியல் மேடைப் பேச்சுக்கும் இது பொருந்தும். பிரிட்ஜ்போர்ட் கரடி தேர்தலில் போகோவை வேட்பாளராக நிறுத்துவதற்காகப் பேசும் பேச்சுகளில் சொல்லப்படுவது அநேகமாக ஒன்றுமேயில்லை; எழுத்துகள் மட்டும் வண்ண விளக்குகள் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

தூரிகை வேலையைப் பற்றியும் ஒரு சொல். கெலி முன்பு டிஸ்னி நிறுவனத்தில் அசைபட ஓவியராக இருந்தவர். 1941இல் அங்கிருந்து விலகினார். மையிட்ட கோடு தடித்தும் மெலிந்தும் செல்லும் விதத்தில் அந்தப் பயிற்சி தெரியும். முதலையின் வால் ஒரு மரத்தைச் சுற்றிச் செல்லும் ஒரே கோட்டை நான் பலமுறை பார்த்து வரைந்து பழகியிருக்கிறேன். படகுகளையும் பாருங்கள். பாத்திரங்கள் மீன் பிடிக்கும் தட்டையான சிறு படகின் பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அடுத்த கட்டத்தில் அதே படகில் வேறொரு பெயர் இருக்கும். அவை கெலியின் நண்பர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் போன்றோரின் பெயர்கள். கதைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை, ஆனால் யாரோ ஒருவர் தம் பெயரைக் காலைப் பத்திரிகையில் கண்டு மகிழ்ந்திருப்பார்.

கொட்டகலை நண்பர்:

எல்லோரும் புகழும்போது ஒரு மறுப்பை மரியாதையோடு முன்வைக்கிறேன். என் கருத்துப்படி அரசியல் கூடக்கூட இந்தத் தொடரின் நகைச்சுவை குறைந்தது. 1950, 1951 ஆண்டுகளின் கதைகளை இன்றும் ஒரு சிறுவனிடம் கொடுக்கலாம். 1953க்குப் பிந்தியவற்றில் ஒவ்வொரு முகமும் யாருடையது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்றியாக வரும் சோவியத் தலைவர் குருசேவும் ஆடாக வரும் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவும் 1962இல் எவ்வளவு சூடாக இருந்தார்களோ அவ்வளவு ஆறிப்போய் இன்று கிடக்கிறார்கள். கழுதைப்புலியாக வரைந்த துணை ஜனாதிபதி அக்னியூவை இன்று யார் அறிவார்? அரசியல் கேலிச்சித்திரம் அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்கு உண்ண வேண்டியது. அதை நாள்தோறும் தொடரும் கதையில் கலந்தால் கதைதான் கெடும்.

பதுளை வாசகர்:

கொட்டகலை நண்பரின் கருத்தில் 1960களின் பிற்பகுதியைப் பற்றி நான் ஓரளவு உடன்படுகிறேன். ஆனால் 1953ஐ அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த ஆண்டு மே முதலாம் திகதி சிம்பிள் ஜே. மலார்க்கி என்ற காட்டுப்பூனை சதுப்புநிலத்துக்குள் நுழைகிறது. அந்த முகம் செனட்டர் ஜோசப் மக்கார்த்தியின் முகம் என்பதில் அன்றைய வாசகர் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் கம்யூனிஸ்ட் என்று சுட்டி, வேலையையும் பெயரையும் பறிக்கும் வல்லமை மக்கார்த்திக்கு அப்போது இருந்தது. தொலைக்காட்சியில் செய்தியாளர் எட்வர்ட் மரோ அவரை எதிர்த்து நிகழ்ச்சி நடத்தியது 1954 மார்ச்சில். செனட் சபை அவரைக் கண்டித்தது அதே ஆண்டு டிசெம்பரில். கெலி இவற்றுக்கெல்லாம் முன்னரே, அதுவும் சிறுவர்கள் காலையில் முதலில் புரட்டும் பக்கத்தில், அந்த முகத்தை வரைந்துவிட்டார்.

மக்கார்த்தி யார் என்று தெரியாமல் அந்தக் கதை புரியுமா என்பதே கேள்வி. எனக்குப் புரிந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு அமெரிக்க அரசியல் எதுவும் தெரியாது. ஊரில் பறவை பார்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. போதகர் எலி அதற்கு ஒழுங்கும் கட்டுப்பாடும் வேண்டும் என்கிறது. கண் சரியாகத் தெரியாத ஓர் அகழான் வந்து எங்கு பார்த்தாலும் கிருமிகளையும் வலசை வந்த அந்நியப் பறவைகளையும் காண்கிறது. கடைசியில் துப்பாக்கி ஏந்திய காட்டுப்பூனை வருகிறது. அழைத்து வந்தவர்களே அதைக் கண்டு நடுங்கும் நிலை ஏற்படுகிறது. இந்த ஒழுங்கை விளங்கிக்கொள்ள வாஷிங்டனை அறிய வேண்டியதில்லை.

அகழான் என்று சொன்னேனே, அதன் பெயர் மோல் மக்கரோனி. குடிவரவுச் சட்டத்தைக் கடுமையாக்கிய செனட்டர் மக்காரனை அது நினைவூட்டுகிறது. அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 1952இல் நிறைவேறியது. அந்தப் பக்கங்களில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. போகோ நியூயோர்க்கில் தொடங்கி அப்போது ஆறு வாரமே ஆகியிருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நம் மலைநாட்டு மக்கள், அதன் பின்னர் வாக்குரிமை இழந்து, வந்துபோகும் பறவைகளாகக் கணக்கிடப்பட்டார்கள். கெலி நம்மை அறிந்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. தன் கூட்டில் பிறந்து தன் கூட்டிலேயே முட்டையிட்ட பறவையைப் பார்த்து ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்கும் அதிகாரியின் முகம் எந்த நாட்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

பண்டாரவளை மூத்தவர்:

பதுளை வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நாடற்றிருந்த நம் சனம் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மிகுதியைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் இருந்த அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மறு பட்டியலிலும் வந்தார்கள். தலைமன்னாருக்குச் செல்லும் புகைவண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் நம் சனம் அழைத்தது. மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் சன்னல் கம்பியின் ஊடே கைகளைப் பற்றிக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் விடாமல் கூடவே ஓடுவார்கள். நிலையத்துப் பணியாளர் வந்து விரல்களைப் பிரித்துவிடுவார்.

அதைக் கண்ணால் கண்ட எனக்குப் போகோவில் பிடித்த பாத்திரம் முள்ளம்பன்றி. ஊரில் எல்லோரும் ஆட்டம் பாட்டமாக இருக்கும்போதும் அது முகம் சுளித்தபடியே இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் நத்தார் அன்று ஒரு சிறு பூவைக் கொண்டு வந்து, யாருக்கும் தெரியாமல் போகோவிடம் கொடுத்துவிட்டுப் போகும். கெலி அதற்கு ஒரு விளக்கமும் சொல்வதில்லை.

ஹட்டன் தமிழினி:

மூத்தவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கொட்டகலை அண்ணாவின் கேள்விக்கு நானும் விடை தேடிப் பார்த்தேன். அரசியல் 1953இல் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்று அவர் கருதுகிறார். ஆனால் அதற்கு முன்னரே ஆல்பர்ட் முதலை ஒரு குட்டிநாயைத் தின்றுவிட்டது என்று குற்றம் சாட்டி ஊரார் வழக்கு நடத்தும் கதை வந்துவிட்டது. முதலைக்குப் பெரும்பசி என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. நேற்றுவரை அதன் வீட்டில் சாப்பிட்டவர்கள் இன்று நீதிமன்றத்தில் அமர்ந்து தலையாட்டுகிறார்கள். பிற்பாடு குட்டிநாய் உயிரோடு வந்து நிற்கிறது. இதில் எந்த அரசியல்வாதியின் முகமும் இல்லை, ஆனால் மலார்க்கியின் காலத்துக்குத் தேவையான எல்லாமே இருக்கின்றன. ஆகவே அந்தக் காட்டுப்பூனை வந்தபோது அது நுழைவதற்கான கதவை ஊரார் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள் என்றே நான் படிக்கிறேன். கெலியின் அரசியல் அங்கேதான் இருக்கிறது.

நுவரெலியா ஓவியன்:

மலார்க்கியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், தொழில் செய்பவன் என்ற முறையில் நான் மிக மதிக்கும் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்று, மலார்க்கியின் முகம் இனி ஒருமுறை வந்தாலும் தொடரை நிறுத்திவிடுவோம் என்று 1954இல் எச்சரித்தது. கெலி என்ன செய்தார் தெரியுமா? பிராவிடன்சிலிருந்து ஒரு கோழியம்மா சதுப்புநிலத்துக்கு வருவதாகக் கதையை அமைத்தார். அதைக் கேட்ட மலார்க்கி, பிராவிடன்ஸ்காரர் யாரும் என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சொல்லி ஒரு பையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டது. பத்திரிகையின் கட்டளைக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்தாயிற்று. முகமே இல்லாத அந்தப் பைத்தலை, முகம் தெரிந்ததைவிட அச்சமூட்டுவதாகவும் அமைந்தது. பை மாட்டிய தலைகள் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தாக்கிய கூ கிளக்ஸ் கிளான் கும்பலைக் குறிக்கும் என்பதை அன்றைய வாசகர் அறிவர்.

ஆசிரியர்களின் அச்சத்துக்கு அவர் வேறொரு வழியும் வைத்திருந்தார். அரசியல் காரம் மிகுந்த நாட்களுக்கு மாற்றாக, மென்மையான முயல்குட்டிகள் வரும் தனிச் சித்திரங்களையும் வரைந்து அனுப்புவார். எந்தப் பத்திரிகைக்குத் துணிவில்லையோ அது முயலைப் போடலாம். முயல்குட்டிகளைக் கண்டால் உங்கள் பத்திரிகை ஆசிரியர் உங்களுக்குச் சிந்திக்கத் தெரியாது என்று நினைக்கிறார் என்று பொருள் கொள்ளுங்கள் என வாசகர்களுக்கும் அவர் தெரிவித்திருந்தார்.

கொட்டகலை நண்பர்:

பை மாட்டிய காட்டுப்பூனை சிறந்த நகைச்சுவை என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். என்னுடைய மறுப்பு அதற்குப் பிந்திய காலத்தின் மீதே நிற்கிறது. அதை நான் விடப்போவதில்லை. தங்கச்சி சொன்ன குட்டிநாய் வழக்கே என் பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். அங்கே முகம் இல்லாததால்தான் அது இன்றும் புதிதாக இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தென்மாநிலச் சதுப்புநிலத்தைப் பற்றிய கதையில் கறுப்பின மக்கள் எங்கே? சிறுவர் இதழ்களில் தொடக்கத்தில் பம்பசீன் என்ற கறுப்பினச் சிறுவன் ஒருவன் விலங்குகளோடு கதையில் வந்தான். பிறகு கெலி அவனை எடுத்துவிட்டார். விலங்குகள் மட்டும் மிஞ்சின. அந்த மண்ணின் பேச்சு வழக்கு மிஞ்சியது, அந்த மண்ணில் உழைத்தவன் மிஞ்சவில்லை. தோட்டத்தைப் பற்றிய கதைகளில் தேயிலைச் செடியும் பனிமூட்டமும் அழகாக வந்து, கொழுந்து பறிப்பவர் மட்டும் காணாமற்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது உறுத்த வேண்டும்.

பதுளை வாசகர்:

இது நியாயமான கேள்வி. இதை எளிதாகக் கடந்துபோக நான் விரும்பவில்லை. விலங்குகளை மட்டும் வைத்துக்கொண்டதால் யாரையும் நிறத்தால் இழிவாக வரையும் அக்கால வழக்கத்திலிருந்து கெலி விலகிச் சென்றார் என்று கொள்ள இடமுண்டு. அன்றைய சித்திரத்தொடர்களில் கறுப்பின மக்கள் வரையப்பட்ட விதம் அவ்வளவு கேவலமானது. ஆயினும் இழிவாக வரையாமல் விடுவது வேறு, மதிப்போடு வரைவது வேறு. அந்த இரண்டாவதை அவர் செய்யவில்லை. நம் நண்பர் கொழுந்து பறிப்பவரைக் குறிப்பிட்டது சரியான இடத்தில் வைத்த கேள்வி.

பண்டாரவளை மூத்தவர்:

நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் இத்தகைய ஊர்கள் இருந்தன என்பதை இளையவர்கள் மறந்துவிடக் கூடாது. சுந்தர் வரைந்த சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணத்தவர்கள்; தினகரனில் அவர்களைக் கண்டு மலையில் இருந்த நாங்களும் சிரித்தோம். சுந்தர் பின்னர் 1963இல் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவை இதழையே தொடங்கி நடத்தினார். தோட்டத்துக்கு ஒரு நாளிதழ் வரும். அது கிளாக்கர் வீட்டிலிருந்து சங்கத் தலைவரிடம் வந்து, அவரிடமிருந்து சலூனுக்கு வந்து, சித்திரம் இருந்த பக்கம் அங்கே எப்போதும் முதலில் கிழிந்துபோகும். ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தையும் கணக்குப்பிள்ளையையும் லயத்துத் திண்ணையையும் களமாகக் கொண்டு நாள்தோறும் வெளிவந்த ஒரு சித்திரத்தொடரை நான் கண்டதில்லை. போகோவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள்ள ஏக்கம் அதுதான். கங்காணியையும் துரையையும் தொழிற்சங்கத் தலைவரையும் பெயர் சொல்லாமல் வரைந்து காட்ட நம்மிடம் விலங்குகளுக்குப் பஞ்சமா? கட்டைக்காலோடு சுற்றும் காட்டுப்பன்றியும் மரைகளும் குரங்குக் கூட்டமும் தோட்டத்து எல்லையில்தானே நிற்கின்றன.

நுவரெலியா ஓவியன்:

ஐயா, அந்த வரியைப் படித்தவுடன் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். குரங்குக் கூட்டத்தை வைத்து ஆறு கட்டங்களுக்கு ஒரு மாதிரி வரைந்து பார்க்கிறேன். வசனம் எழுத ஹட்டன் அக்கா உதவ வேண்டும். ஆனால் முதல் பல வாரங்களுக்கு அதில் எந்த அரசியலும் வராது. வாத்தியார் ஐயா தொடக்கத்தில் சொன்னது போல முதலில் ஊர் வேண்டும்.

ஹட்டன் தமிழினி:

தாராளமாக எழுதித் தருகிறேன் தம்பி. பெண் குரங்குகளுக்கும் பேச இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. கெலியின் சதுப்புநிலத்தில் மம்செல் ஹெப்சிபா என்ற பிரெஞ்சு உச்சரிப்புள்ள அழகியும் வேறு சிலரும் தவிரப் பெண் பாத்திரங்கள் குறைவு. தோட்டத்தில் காலை முதல் மாலை வரை மலையில் நிற்பவர்கள் பெண்கள். நிறுவைத் தராசில் கொழுந்துக் கூடை ஏறும் நேரத்தில், ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று முணுமுணுக்கும் அந்தக் குரலில்தான் நம் தொடரின் முதல் நகைச்சுவை தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போகோவில் எல்லோரும் அறிந்த வரியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. 1971ஆம் ஆண்டு பூமி தினத்துக்காக வரைந்த சித்திரத்தில் போகோவும் முள்ளம்பன்றியும் காட்டுக்குள் நடக்கிறார்கள். ஆதிகாலக் காட்டின் அழகு நெஞ்சைத் தொடுகிறது என்கிறது முள்ளம்பன்றி. எனக்குக் காலில் படுகிறது என்கிறது போகோ. அடுத்த கட்டத்தில் அவர்கள் நிற்கும் நிலம் முழுவதும் தகரங்களும் போத்தல்களும் உடைந்த தளபாடங்களும் குவிந்து கிடக்கின்றன. அங்கே நின்றுதான் ‘பகைவனைக் கண்டுகொண்டோம், அவன் நாமேதான்’ என்று போகோ சொல்கிறது. 1813இல் ஈரி என்ற ஏரியில் நடந்த போரில் வென்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி அனுப்பிய வெற்றிச் செய்தியைத் தலைகீழாக்கிய வரி அது.

பதுளை வாசகர்:

அந்த வரிக்கு ஒரு முன்கதை உண்டு. 1953இல் வெளிவந்த ஒரு தொகுப்பின் முன்னுரையிலேயே கெலி அதன் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். அப்போது அது மக்கார்த்தியின் காலத்தைப் பற்றியது. அதே சிந்தனையைப் பின்னர் குப்பைக்கும் பொருத்தினார். கொட்டகலை நண்பர் கவனிக்க வேண்டிய இடம் இது. முகங்கள் ஆறிப்போன பிறகும் அந்தச் சிந்தனை ஆறவில்லை. கெலி 1973 ஒக்டோபரில் காலமானார்; அவர் மனைவி செல்பி முதலியோர் 1975 வரை தொடரை நடத்தினர்.

கொட்டகலை நண்பர்:

அந்தச் சித்திரத்தில் எவருடைய முகமும் இல்லை என்பதை நான் மீண்டும் நினைவூட்டுகிறேன், ஐயா. அது என் கட்சிக்கே வலு. அது போகட்டும், ஓவியன் தம்பியின் குரங்குகளை எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு இடம் தருகிறேன்.

போகோவை முதன்முறை படிக்க விரும்புவோர்க்கு நடைமுறை யோசனை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் நாள்தோறும் வந்த சித்திரங்கள் கால வரிசையில் கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளிவருகின்றன. விலை அதிகம், ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்குவது நல்லது. மலார்க்கி வரும் பகுதிக்கு நேரே பாயாமல் முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். சதுப்புநில வழக்கில் எழுதிய ஆங்கிலம் ஆரம்பத்தில் கடினமாகத் தோன்றும். உரக்க வாசித்தால் பத்துப் பதினைந்து பக்கங்களில் காது பழகிவிடும்.

பண்டாரவளை மூத்தவர்:

முதல் தொகுதி என்னிடம் இருக்கிறது. பண்டாரவளைக்கு வரும் யாரும் வாங்கிச் செல்லலாம். ஓவியன் தம்பி முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.